மேனேஜரின் இரத்தத்தில் நீந்திய புழு

கால்நடை மருத்துவமனையின் பின்பக்கம், மருந்துகளைக் குளிரில் வைக்கும் அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் ஒரு பரிசோதனைக் கூடம். அங்கே பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப் பார்த்தவளுக்குப் புழு மேடம் என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வந்த புதிதில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிப்போய், போனை எடுத்தால் அவளே "புழு மேடம்தான் பேசறேன், சொல்லுங்க" என்பாள். அவளுடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். "நாள் பூரா நாய்க் கழிவைப் பாத்துட்டு வந்து சாயங்காலம் என் முகத்தைப் பாக்கறா. அதனாலதான் வீட்டுல எனக்கு இவ்வளவு மரியாதை" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

வேலை எளிமையாகத்தான் தோன்றும். நாயின் கழிவில் புழு முட்டை இருக்கிறதா, இரத்தத்தில் குட்டிப்புழு நெளிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நீளமான பதிவேட்டில் இரண்டே கட்டங்கள்: 'உண்டு', 'இல்லை'. ஏதாவது ஒன்றில் டிக். அவளுடைய டிக்கை நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுவார். அவள் 'உண்டு' என்றால் உண்டு. பத்தொன்பது வருஷத்தில் யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

பத்தொன்பதாவது வருஷம்தான் டிஎன்ஏ ப்ரோப் வந்தது. பெட்டியைக் கொண்டுவந்த கம்பெனிப் பெண் இரண்டு நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்தாள். நாயின் இதயத்தில் நூடுல்ஸ் கணக்காகச் சுருண்டு கிடக்கும் இதயப்புழுவைக் கண்டுபிடிக்கும் ப்ரோப் அது.

"ஜாடிக்கு ஏத்த மூடி மாதிரி மேடம். எந்தப் புழுவா இருந்தாலும் அதோட டிஎன்ஏ ரெண்டு இழையா முறுக்கிக்கிட்டு இருக்கும். சூடு பண்ணினா பிரிஞ்சிடும். பிரிஞ்ச ஒரு இழை, ஜாடி. நாங்க தர்ற ப்ரோப்தான் மூடி. இதயப்புழு ஜாடிக்குத்தான் இந்த மூடி பொருந்தும். பொருந்தினா நைலான் தாள்ல ஊதாப் புள்ளி வரும். வேற ஜாடியா இருந்தா, கழுவும்போது மூடி தண்ணியோட போயிடும்."

"அப்ப மைக்ராஸ்கோப்பை ஓரங்கட்டிட வேண்டியதுதானா?"

"சேச்சே, ரெண்டும் இருக்கட்டும் மேடம். ஒண்ணுக்கொண்ணு துணை."

ஒன்றுக்கொன்று துணையாக இருக்கப் போகிறது என்றுதான் அவளும் நினைத்தாள்.

முதல் மாதம் பிரச்சினை இல்லை. மைக்ராஸ்கோப்பில் குட்டிப்புழு தெரிந்த நான்கு நாய்களுக்கும் தாளில் புள்ளி வந்தது. ஐந்தாவதாக வந்ததுதான் மேனேஜர்.

மேனேஜர் ஒரு மெத்தைக்கடை நாய். காலையில் கடை திறந்ததும் அடுக்கிவைத்த மெத்தைகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்குமாம். ஒரு வேலையும் செய்யாதாம். அதனால் அந்தப் பெயர். கடைக்காரர் பருத்த மனிதர், மூச்சுக்கு முந்நூறு தடவை "என்ன பண்றது" என்பவர். நாய் இரண்டு மாதமாக இருமுகிறது என்று தூக்கிக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் இரத்தம் எடுத்து அனுப்பினார்.

புழு மேடம் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து லென்ஸில் பார்த்தாள். சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு குட்டிப்புழுக்கள் துள்ளின. ஒன்றிரண்டு அல்ல, ஒரு சொட்டில் எட்டு. 'உண்டு' கட்டத்தில் டிக் போட்டாள்.

இருமல் வேறு, இரத்தத்தில் புழு வேறு. டாக்டருக்கு வேறென்ன வேண்டும்? வரும் திங்கட்கிழமை முதல் ஊசி என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். அந்த ஊசி லேசுப்பட்டது அல்ல. "மருந்துன்னு பேரு. பாதி பாஷாணம்தான்" என்று டாக்டரே சொல்வார். ஊசி போட்டபின் இதயத்தில் புழு செத்து உடைந்து, துண்டு துண்டாகி நுரையீரலுக்குப் போகும். அந்தச் சமயத்தில் நாய் ஓடினால், குதித்தால், அடைத்துக்கொண்டு உயிர் போகும். ஒரு மாதம் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். கடைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பண்றது, போடுங்க" என்றார்.

புதிய முறைப்படி எல்லா இரத்தத்தையும் ப்ரோப்பிலும் பார்க்க வேண்டும் என்பதால் புழு மேடம் பார்த்தாள். இரத்தத்தை உடைத்தாள், கொதிக்கவைத்தாள், தாளில் பொட்டு வைத்தாள், ப்ரோப்பில் ஊறப்போட்டாள், கழுவினாள், நிறமூட்டினாள். தாளில் வர வேண்டிய இடத்தில் புள்ளி வரவில்லை. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது.

ஏதோ ஒரு படியை விட்டிருக்கிறோம் என்று மறுபடி செய்தாள். வரவில்லை. பக்கத்திலேயே, தெரிந்த இதயப்புழுவின் டிஎன்ஏவை ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். அது கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று வந்தது. ஆக மருந்தில் குறை இல்லை. சரி, மேனேஜர் இரத்தத்தில் ப்ரோப்பைத் தடுக்கிற ஏதோ ஒன்று இருக்கும் என்று, அந்த இரத்தத்திலேயே கொஞ்சம் இதயப்புழு டிஎன்ஏவைக் கலந்து வைத்தாள். புள்ளி வந்தது. அப்படியானால் தடுப்பதும் இல்லை. வேறு நாயின் இரத்தம் மாறி வந்துவிட்டதோ என்று புதிதாக இரத்தம் வரவழைத்தாள். லென்ஸின் கீழே அதே துள்ளல். தாளில் அதே வெள்ளை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் செய்தித்தாள் படித்தாள். எழுத்து ஏன் மங்கலாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தனக்குக் கண் கெட்டுவிட்டது, அதனால்தான் இல்லாத புழு தெரிகிறது என்று முடிவுகட்டியிருந்தாள்.

"சாப்பிட வர்றியா?" என்று அவர் கேட்டார்.

"இருங்க, கழுவிட்டு நிறம் வருதான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"சோத்துக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "என் கண்ணுக்கு முன்னாடி நெளியுதுங்க. தாளு இல்லைங்குது. எனக்கு எதை நம்பறதுன்னே தெரியல."

"கண்ணை நம்பு. பத்தொன்பது வருஷமா சோறு போட்ட கண்ணு."

"அந்தப் புள்ளி பொய் சொல்லாதுங்க. அதுக்கு என் மேல என்ன கோபம்?"

மறுநாள் காலையில் டாக்டரின் அறைக்குப் போய் இரண்டு முடிவுகளையும் மேசையில் வைத்தாள். டாக்டர் அவளைவிட எட்டு வயது சின்னவர், பொறுமைசாலி. ஆனால் அன்று வாசலில் பதினாறு நாய்கள் காத்திருந்தன.

"என்ன மேடம் இது? புழு இருக்குங்கறீங்க. புழு இல்லைங்கறீங்க. நான் ஊசியைப் பாதி போடவா?"

"அந்த ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க டாக்டர்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

"எதனாலன்னாவது சொல்லுங்க."

"அதுவும் தெரியல டாக்டர். ஏதோ ஒண்ணு இடிக்குது."

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். அவர் இங்கே வேலைக்கு வந்த நாள் முதல் அவள் வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல் வந்து கேட்டதில்லை. அதற்காகவே ஒரு வாரம் தள்ளிப் போட்டார்.

கடைக்காரர் குதித்தார். "போன வாரம் நாய் பிழைக்கறதே கஷ்டம்னீங்க. வீட்டுல எல்லாரும் அழுது முடிச்சாச்சு. இப்ப பொறுங்கன்னா, மறுபடி முதல்லேருந்தா அழறது?"

புழு மேடம் நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். விரலில் கருப்பாக மிளகுத்தூள் மாதிரி எதுவோ ஒட்டியது. நனைத்த பஞ்சில் வைத்துத் தேய்த்தாள். சிவப்பாகக் கரைந்தது. பூச்சி குடித்துக் கழித்த இரத்தம்.

"இதுக்குத் தெள்ளுப்பூச்சி இருக்கா?"

கடைக்காரர் முகம் மாறியது. "எங்க கடையிலயா? சேச்சே! என்ன பேச்சு இது? மெத்தை விக்கற இடம்ங்க."

"கடையைக் கேக்கல. நாயைக் கேக்கறேன்."

"நாயும் கடையிலதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, பிடித்த பிடியில் நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தெள்ளு என்ற சொல் அவளுக்குள் எதையோ கிளறியது. என்னவென்று பிடிபடவில்லை. நாக்கு நுனியில் நிற்கும் பெயர் மாதிரி இரண்டு நாள் படுத்தியது. மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அப்படியே நின்றாள். படிக்கிற காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது: நாயின் தோலுக்கு அடியில் வாழும் இன்னொரு புழு உண்டு. கொசு கடித்து வருவது இதயப்புழு. தெள்ளு கடித்து வருவது இது. இரண்டின் குட்டிகளும் இரத்தத்தில்தான் நீந்தும், பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இந்தத் தோல்புழு நாயை ஒன்றும் செய்யாது. ஊசி வேண்டாம், கட்டிப்போட வேண்டாம்.

பரீட்சையில் இரண்டு மதிப்பெண் வாங்கித் தந்துவிட்டு அந்த விஷயம் அவள் தலையிலிருந்து இறங்கிப் போயிருந்தது. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. 'உண்டு' என்றால் இதயப்புழு என்று அவளுக்கு முன்னால் இருந்தவர் பழக்கிவைத்திருந்தார். அவளும் அதே தடத்தில் நடந்துவிட்டாள்.

இரத்தத்தில் பார்மலின் ஊற்றிச் சுழற்றி, அடியில் தங்கியதை நீலச் சாயத்தில் நனைத்து, புழுக்களை ஒவ்வொன்றாக அளந்தாள். இதயப்புழுக் குட்டி நீளம், வால் நேராக இருக்கும். தோல்புழுக் குட்டி கொஞ்சம் குட்டை. வால் குடைக்காம்பு மாதிரி வளைந்திருக்கும். இருபது புழுவை அளந்ததில் முக்கால்வாசி குட்டையாக இருந்தன. ஆனால் ஏழுக்குத்தான் வால் வளைந்திருந்தது. மற்றவை நேராகக் கிடந்தன. மறுபடியும் குழப்பம். கம்பெனிப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"சிலதுலதான் வால் வளைவு தெரியும் மேடம்" என்றாள் அவள். "பல்கலைக்கழகத்துல தோல்புழுவுக்குத் தனி ப்ரோப் வச்சிருக்காங்க. கேட்டு வாங்கித் தரேன்."

நான்கு நாளில் சின்னக் குழாய் ஒன்று பனிக்கட்டியில் புதைந்து வந்தது. புழு மேடம் தாளில் இரண்டு வரிசை போட்டாள். மேல் வரிசைக்கு இதயப்புழு மூடி, கீழ் வரிசைக்குத் தோல்புழு மூடி. மேனேஜரின் பொட்டு மேலே வெள்ளையாக இருந்தது. கீழே மெதுவாக, காயம் கன்றுவது போல ஊதா படர்ந்தது.

டாக்டர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப நீங்க பாத்ததும் நிஜம். தாள் சொன்னதும் நிஜம்."

"அப்ப இருமல்?" என்றாள் அவள்.

"நாய் எங்கே படுக்குதுன்னு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

போனார்கள். மெத்தைக்கடையின் பின்னறையில் பஞ்சு அடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் பஞ்சுத்தூள் மூட்டமாக மிதந்தது. உள்ளே போன ஐந்து நிமிஷத்தில் டாக்டர் இரும ஆரம்பித்தார். மெத்தை உச்சியிலிருந்து மேனேஜரும் கூடவே இருமியது. கடைக்காரர் அவர்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், வாடிக்கையாளர் காதில் விழாமல், "இருக்குங்க. தெள்ளு இருக்கு. ஆறு மாசமா இருக்கு. வெளியே சொன்னா நான் கடையை மூட வேண்டியதுதான். என்ன பண்றது?" என்றார். தெள்ளுக்கு மருந்து கொடுத்து, நாயின் இடத்தை முன்வாசலுக்கு மாற்றச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் இருமல் நின்றது.

இந்தக் கதை இங்கே நின்றிருந்தால் புழு மேடத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மருத்துவமனையில் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அவளோ பழைய பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்து 'உண்டு'கள். இதில் எத்தனை குடைக்காம்பு? எத்தனை நாய்க்கு வீணாக ஊசி ஏறியது? பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு வரியில் நின்றாள். அது அவளுடைய சொந்த அக்காவின் நாய்.

வெள்ளையும் கருப்புமான நாய், பெயர் துரை. அக்கா தனியாள். தையல் வேலை பார்த்து, அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். உடம்பு சுகமில்லை என்று கொண்டுவந்தபோது இரத்தம் பார்த்ததும் 'உண்டு' என்றதும் தங்கைதான். அப்போது இருந்த டாக்டர் ஊசி போட்டார். நான்காம் நாள் துரை செத்துப்போனது. அக்கா அதற்குப் பிறகு வேறு நாய் வளர்க்கவில்லை. தங்கையை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை.

இரத்தம் தடவிச் சாயமேற்றிய கண்ணாடித் தகடுகளைப் புழு மேடம் எறிவதில்லை. மரப்பெட்டிகளில் வருஷவாரியாக இருந்தன. துரையின் தகடு கிடைத்தது. லென்ஸின் கீழே வைத்தாள். மூன்று புழுக்கள். ஒன்றின் வால் நேராக இருந்தது. ஒன்றின் வால் மேல் அணுக்கள் குவிந்து மறைத்திருந்தன. ஒன்று கண்ணாடியின் விளிம்பில் பாதியோடு நின்றுவிட்டது. உலர்ந்து சுருங்கியதை அளந்தும் பயனில்லை. பாதித் தகட்டைச் சுரண்டி, இரண்டு மூடிகளையும் போட்டுப் பார்த்தாள். மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை.

"இது எப்படி டாக்டர்? புழு இருக்கு. ஆனா அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

"அஞ்சு வருஷச் சூடு மேடம். டிஎன்ஏ உதுந்து போயிருக்கும். ஜாடியே உடைஞ்ச பிறகு மூடி எங்க ஒட்டும்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரோட நாய்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார்.

மிச்சம் பாதித் தகட்டைச் சுரண்டலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். சுரண்டினால், மிஞ்சியிருக்கிற ஒரே புழுவும் போய்விடும். கடைசியில் சுரண்டாமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா ஜன்னலோரம் மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மெத்தைக்கடை, தெள்ளு, இரண்டு மூடி, பழைய தகடு. "துரைக்கு அந்த ஊசி தேவையில்லாமலே போட்டிருக்கலாம்கா. அது வெறும் தோல்புழுவா இருந்து, அந்த பாஷாணமே துரையைக் கொன்னிருக்கலாம். அப்படின்னா நான்தான் கொன்னேன்."

அக்கா மெஷினை நிறுத்தினாள். அழுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று தங்கை காத்திருந்தாள். அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"கட்டிப்போடுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"ஆமா."

"நான் கட்டல."

"என்னக்கா சொல்றே?"

"மூணு நாள் கட்டினேன். நாலாம் நாள் அது என்னைப் பாத்த பார்வை எனக்குத் தாங்கல. அவுத்து விட்டுட்டேன். கேட் திறந்திருந்துச்சு. தெருக்கோடி வரைக்கும் ஓடிச்சு. நான் கூப்பிட்டேன். திரும்பி ஓடி வந்துச்சு. வாசல்லயே விழுந்துடுச்சு." அக்கா நிதானமாகத்தான் சொன்னாள். "உன்கிட்ட தூக்கத்துல போயிடுச்சுன்னு சொன்னேன். அஞ்சு வருஷமா என் மனசுல, நான்தான் கொன்னேன்னு இருக்கு."

தங்கைக்குத்தான் முதலில் உறைத்தது. துரைக்கு இருந்தது இதயப்புழுவானால், தான் போட்ட டிக் சரி. ஓடவிட்டதுதான் உயிரை வாங்கியது. தோல்புழுவானால் ஓடியதால் ஒன்றும் ஆகியிருக்காது. டிக்தான் உயிரை வாங்கியது. ஒருத்தி தப்பிக்க வேண்டுமானால் மற்றவள் மாட்டிக்கொள்ள வேண்டும். அக்காவும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள் போல.

"அப்ப யாருடி?" என்றாள்.

"தெரியலக்கா."

"அந்தக் கண்ணாடியில மிச்சம் இருக்குன்னியே. அதையும் பாத்துடேன்."

"பாக்கலாம். அதுலயும் வராமப் போகலாம். வந்தா என்ன வரும்னு..."

"வேணாம் விடு" என்றாள் அக்கா உடனே. கொஞ்ச நேரம் கழித்து, "பாரேன்" என்றாள். தங்கை எழுந்து செருப்பை மாட்டும்போது, "வேணாம்டி" என்றாள்.

அதற்குப் பிறகு பதிவேட்டில் புழு மேடம் ஸ்கேலை வைத்து இன்னொரு கோடு கிழித்தாள். 'உண்டு' இரண்டாகப் பிரிந்தது: இதயம், தோல். அந்த வருஷம் புழு தெரிந்த ஐம்பத்திரண்டு நாய்களில் பதினொன்று தோல். ஐந்தில் ஒன்று. அந்தக் கணக்கைத் துரைக்குப் போட்டுப் பார்த்தால், நான்கு பங்கு ஒரு பக்கம், ஒரு பங்கு மறுபக்கம். நான்கு பங்கு அக்காவைச் சுட்டியது. அதில் அவளுக்கு ஆறுதல் வரவில்லை. அக்காவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் அக்காவே சாயங்காலங்களில் போன் செய்ய ஆரம்பித்திருந்தாள்.

"இன்னிக்கு எத்தனை?"

"மூணு."

"எது?"

"ரெண்டு இதயம். ஒண்ணு தோல்."

"அந்தத் தோல் நாய்க்கு ஊசி போடலையே?"

"போடல. தெள்ளுக்கு மருந்து கொடுத்து அனுப்பிட்டாங்க."

"சரி" என்பாள் அக்கா. பிறகு, தைத்துக்கொடுத்த சீருடையில் ஒரு பையனுக்குக் கை நீளமாகிவிட்டதையும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்க்குழாய் ஒழுகுவதையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.